பட்டாம்பூச்சி வேணும், புழு மட்டும் வேணாமா? பால்கனி கறிவேப்பிலை சொல்லும் கதை

பால்கனி தொட்டியில் ஆசையாக வளர்த்த கறிவேப்பிலை. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் இலைகளில் பாதியைக் காணோம். கிட்டே போய்ப் பார்த்தால், பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கிறது. குச்சியால் தொட்டால் நெளிகிறது. அடுத்த நிமிடமே அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவோடு கேள்வி வருகிறது: “இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?”

அந்த ‘எச்சம்’ பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகி பட்டாம்பூச்சியின் புழு. எதிரிகளை ஏமாற்றத்தான் அந்த வேஷம். மருந்து அடித்தால் செடி தப்பிக்கும், ஆனால் பட்டாம்பூச்சி வராது.

பள்ளிகளிலும் பூங்காக்களிலும் ‘மகரந்தச் சேர்க்கையாளர்களைக் காப்போம்’ என்று பிரசாரம் நடக்கிறது. தமிழ்நாடு 2019-ல் ‘தமிழ் மறவன்’ பட்டாம்பூச்சியை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. ஆண்டுதோறும் மே 20 உலகத் தேனீ நாள். இதெல்லாம் நம் வீட்டுத் தொட்டி வரை வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

பூச்சி இல்லாவிட்டால் என்ன ஆகும்?

உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் சுமார் 75 சதவீதம், பூச்சி, பறவை, வௌவால் போன்றவற்றை ஓரளவாவது நம்பியிருக்கின்றன. நெல்லுக்கும் கோதுமைக்கும் இந்தத் தேவை இல்லை. அதாவது, தட்டில் சோறு இருக்கும். குழம்பில் காய் குறையும்.

பூசணி, பீர்க்கு, பாகல் போன்றவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தை யாராவது எடுத்துப் போனால்தான் காய் பிடிக்கும். கத்தரிப் பூவின் கதை இன்னும் சுவாரஸ்யம். அதன் மகரந்தப் பையின் நுனியில் சின்ன ஓட்டைதான் இருக்கும், உப்பு டப்பா மூடி மாதிரி. மர வண்டுத் தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை ‘ர்ர்ர்’ என்று அதிரவைக்கும். மகரந்தம் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது.

அப்போ தேனீப் பெட்டி வெச்சா போதாதா?

போதாது. உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ வகைகள் உள்ளன. பெட்டியில் வளர்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவற்றில் பெரும்பாலானவை கூட்டம் சேராமல் தனியாக வாழ்பவை. சில வகைகள் மண்ணுக்குள்ளும், சில மூங்கில், காய்ந்த மரத்துண்டு போன்றவற்றிலும் கூடு கட்டுகின்றன. வளாகம் முழுக்க சிமெண்ட் போட்டு, காய்ந்த கிளைகளையெல்லாம் வெட்டி எறிந்தால் அவற்றுக்கு வீடே இல்லை.

அடுக்குமாடியின் சன்ஷேடில் தொங்குவது பெரும்பாலும் மலைத்தேனீ. அதைப் பெட்டியில் அடைக்க முடியாது. பருவத்துக்கு ஏற்ப இடம் மாறும் இனம் என்பதால் தானாகவே கிளம்பிவிடும். ஆனால், கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. நடமாட்டம் இல்லாத இடமென்றால் தள்ளியிருந்து விட்டுவிடலாம். குழந்தைகள் புழங்கும் இடமென்றால் தீ வைக்காமல், கல் எறியாமல், அனுபவம் உள்ளவர்களை அழைப்பதே சரி.

பூ அழகா இருந்தா போதுமா?

நர்சரியில் கண்ணைப் பறிக்கும் பூவைத்தான் வாங்குகிறோம். ஆனால், பட்டாம்பூச்சிக்குத் தேன் தரும் செடி ஒன்று, முட்டையிட்டுப் புழு வளர்க்கும் செடி வேறொன்று. புழு எல்லா இலையையும் தின்னாது. தன் இனத்துக்கு உரிய சில செடிகளை மட்டுமே தின்னும்.

உண்ணிச்செடி நல்ல உதாரணம். அதன் பூவில் பட்டாம்பூச்சிகள் மொய்க்கும். ஆனால், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்தச் செடி நம் காடுகளில் பரவி உள்ளூர்த் தாவரங்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது. தேன் இருக்கிறது என்பதற்காக அதை நடுவது, வந்த விருந்தாளிக்கு டீ கொடுத்துவிட்டு அவர் வீட்டை இடிப்பது போல.

எதை நடலாம்?

• கறிவேப்பிலை, எலுமிச்சை: அழகிகளின் புழுக்களுக்கு உணவு. தொட்டியே போதும்.
• எருக்கு: வெந்தய வரியன் முட்டையிடும், மர வண்டுத் தேனீக்கள் பூவுக்கு வரும். பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் குழந்தைகளுக்கு எட்டாத மூலையில் வையுங்கள்.
• ஆடுதீண்டாப்பாளை: சிவப்புடல் அழகியின் புழு இதைத் தின்றுதான் வளரும்.
• துளசி, தும்பை, வெட்சி: தேனுக்கு.
• சரக்கொன்றை, புங்கை: வளாகத்தில் இடமிருந்தால் இந்த மரங்களை நடலாம்.

செடியை மாற்றினால் மட்டும் போதாது, மருந்தையும் நிறுத்த வேண்டும். ‘வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே’ என்று தோன்றலாம். புழுவின் வளர்ச்சியைத் தடுப்பதுதான் அதன் வேலையே. அழகியின் புழுவையும் அது விடாது.

போனை எடுங்க, எண்ணுங்க

2020 முதல் ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்திய அளவில் ‘பிக் பட்டர்ஃபிளை மன்த்’ நடக்கிறது. நீங்கள் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. பார்த்த பட்டாம்பூச்சியைப் போனில் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் தேதி, இடத்தோடு பதிவேற்றலாம். பெயர் தெரியாவிட்டால் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். எங்கே எது இருக்கிறது, எது காணாமல் போகிறது என்று ஆய்வாளர்கள் அறிய இந்தப் பதிவுகள் உதவுகின்றன.

ஒரே ஒரு பால்கனியால் பெரிய மாற்றம் வராது. ஆனால், வளாகத் தோட்டத்துக்கு மாதாமாதம் மருந்து அடிக்கும் முடிவை எடுப்பது குடியிருப்போர் சங்கம்தான். அடுத்த கூட்டத்தில் அதை ஒருவர் எழுந்து கேட்டாலே பேச்சு தொடங்கும்.

சரி, கறிவேப்பிலைக்கு என்ன வழி? சமையலுக்கு ஒரு தொட்டி, அழகிக்கு ஒரு தொட்டி. சமையல் செடியில் புழுவைப் பார்த்தால் இலையோடு எடுத்து அந்தப் பக்கம் விட்டுவிடலாம். மொட்டையான கிளை மறுபடி துளிர்த்துவிடும். குரூப்பில் அடுத்த முறை அந்தப் போட்டோ வந்தால் பதில் ஒரே வரிதான்: “மருந்து வேணாம், ரெண்டு மூணு வாரம் பொறுங்க.”