உள்பையில் எழுதிய பெயர்

நீலம் கலந்த சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. முன்பக்கம் நான்கு பொத்தான்கள், நான்கு பைகள். வலது மார்பில் வெள்ளி நிற இழையில் பறக்கும் கழுகு. அதன் நகங்களில் ஸ்வஸ்திகா. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானப்படை அதிகாரியின் சீருடை இது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ராணுவப் பொருள் சேகரிப்போர் இதைத் தேடி அலைகிறார்கள். ஆனால் விஷயம் தெரிந்தவர், கழுகைப் பார்க்கும் முன்பே கோட்டைத் திறந்து உள்பையைப் பார்ப்பார். தையற்கடையின் சீட்டு, அதில் உரியவரின் பெயர், தைத்த தேதி ஆகியவை அங்கே இருக்கக்கூடும்.

பெயர் கிடைத்துவிட்டால் அந்தத் துணி ஆவணமாகிவிடும். இந்தச் சீருடைகளைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அணிந்தவன் யார், எங்கே இருந்தான், அவனுடைய படை என்ன செய்தது என்ற மூன்று கேள்விகளையும் ஒதுக்கிவிட்டு, அழகுக்காகவும் காசுக்காகவும் மட்டும் சேர்ப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

தடையை மீறிப் பிறந்த படை

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி விமானப்படையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1919ஆம் ஆண்டு வெர்சாய் ஒப்பந்தம் விதித்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் வான் விளையாட்டுச் சங்கம் ஒன்று முளைத்தது. பெயருக்குத்தான் விளையாட்டு, நடந்தது படைக்கான பயிற்சி. 1935 மார்ச்சில் ஹெர்மன் கோரிங் தலைமையில் ‘லுஃப்ட்வாஃபே’ என்ற விமானப்படை இருப்பதை ஜெர்மனி வெளிப்படையாக அறிவித்தபோது, அந்தச் சங்கத்தின் உடையை ஒட்டியே படையின் சீருடையும் அமைந்தது. தரைப்படையினர் கழுத்தை மூடிய காலரில் நிற்க, இவர்கள் திறந்த காலரும் கறுப்பு டையுமாக வந்தார்கள்.

‘ஃப்ளீகர்புளூஸ’ என்ற குட்டைச் சட்டையும் இவர்களுக்கு உண்டு. விமானத்தின் நெருக்கடியான அறைக்குள் கருவிகளிலும் வார்களிலும் சிக்கிக்கொள்ளாதபடி பொத்தான்களை மடிப்புக்குள் மறைத்துத் தைத்தார்கள்.

காலரைப் படிக்கத் தெரிந்தால் ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். காலர்பட்டையில் மஞ்சள் என்றால் விமானிகள் உள்ளிட்ட பறக்கும் பிரிவு அல்லது பாராசூட் படை. சிவப்பு என்றால் விமான எதிர்ப்புப் பீரங்கி. பொன்பழுப்பு என்றால் தகவல் தொடர்பு. அரை வளையமாக ஓக் இலைகளும் அவற்றின் மேல் ஒரு சிறகும் இருந்தால் அவர் கடைநிலை அதிகாரியான லாய்ட்னன்ட். இரண்டு சிறகு ஓபர்லாய்ட்னன்ட். மூன்று சிறகு ஹாப்ட்மன். மேஜர் முதல் இலைகள் முழு வளையமாகிவிடும். தளபதிகளுக்கு வெள்ளி போய்ப் பொன் வந்துவிடும்.

சிப்பாய்க்கு உடை கிடங்கிலிருந்து வரும். அதிகாரியோ உடைக்கான படித்தொகையை வாங்கிக்கொண்டு, தானே தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வார். அதனால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. துணியின் தரம், உள்துணி, இடுப்பின் வெட்டு எல்லாவற்றிலும் தைத்தவரின் கையும் அணிந்தவரின் வசதியும் தெரியும்.

சிவப்பு மஞ்சளாகும் மாயம்

விமானிகளுக்கு உள்ள புகழால் மஞ்சள் காலருக்கு மவுசு அதிகம். மோசடி தொடங்குவதும் அங்கேதான். பீரங்கிப் பிரிவு அதிகாரியின் அசல் கோட்டில் சிவப்புப் பட்டையைப் பிரித்து மஞ்சளை வைத்துத் தைத்தால் விலை ஏறிவிடுகிறது. கோட்டும் அசல், பட்டையும் அசல். சொல்லும் கதை மட்டும் பொய். சினிமாவுக்குத் தைத்த உடைகளும், போருக்குப் பிந்தைய சீருடைகளைத் திருத்தியவையும் சந்தையில் கலந்திருக்கின்றன.

பலர் புறஊதா விளக்கோடு போகிறார்கள். செயற்கை நூலும் வெளுப்பேற்றிய நூலும் அந்த ஒளியில் நீலவெள்ளையாக மின்னும். ஆனால் அதுவே தீர்ப்பாகாது. அசல் கோட்டைப் பின்னாளில் யாரோ சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அது மின்னும். காலரில் கூடுதல் ஊசித்துளை கண்டதும் போலி என்று ஒதுக்குவதும் அவசரம். பதவி உயர்ந்தபோது பழைய பட்டையைப் பிரித்துப் புதியதைத் தைத்திருப்பார்கள். கழுகைப் பிய்த்த தடமும் அப்படித்தான். 1945க்குப் பின் உடுக்க வேறு துணியில்லாத ஜெர்மானியர் பலர் சின்னங்களை நீக்கிச் சாயம் தோய்த்து இதே கோட்டுகளை அன்றாடம் அணிந்தார்கள். இரண்டு பேரிடம் கைமாறியதற்கான சான்று, அசல் சின்னத்தைவிட அரிதாகக்கூட இருக்கலாம்.

பெயரைத் தொடர்ந்து போனால்

உண்மையான வேலை சீட்டில் பெயரைப் படித்த பிறகுதான் ஆரம்பம். ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் ராணுவப் பிரிவு ஃப்ரைபுர்க் நகரில் இருக்கிறது. படைவீரர்களின் விவரங்களைப் பராமரித்துவந்த பெர்லின் அலுவலகமும் 2019இல் அதே காப்பகத்தோடு இணைந்தது. போர் முடியும் தறுவாயில் லுஃப்ட்வாஃபே தன் ஆவணங்களில் பெரும்பகுதியைத் தானே அழித்துவிட்டது என்பதால் எல்லாப் பெயருக்கும் விடை கிடைக்காது. கிடைத்தால், பதவி உயர்வு தேதியும் காலரில் உள்ள சிறகுகளும் பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். எந்தப் பிரிவு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று நூல் பிடித்துப் போகலாம்.

அந்த நூல் சில இடங்களில் நம்மைக் கொண்டு நிறுத்தும். 1937 ஏப்ரல் 26: ஸ்பெயினின் கெர்னிகா நகரின் மேல் குண்டு வீசியது இந்தப் படை அனுப்பிய காண்டோர் லீஜன். 1940 மே 14: ராட்டர்டாமின் நடுநகரம் எரிந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 இரவில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1942இல் டாக்காவ் வதைமுகாமில் கைதிகளைக் குறைந்த காற்றழுத்த அறைக்குள் அடைத்துச் சோதனை செய்தார்கள். உயரத்தில் விமானிகளின் உடல் எவ்வளவு தாங்கும் என்று அறிவதுதான் நோக்கம். கைதிகள் துடித்துச் செத்தார்கள். கோரிங்குக்கு அடுத்த நிலையில் இருந்த ஏர்ஹார்ட் மில்ஷுக்கு, அடிமை உழைப்பைப் பயன்படுத்திய குற்றத்துக்காக 1947இல் நியூரம்பெர்கில் ஆயுள் தண்டனை கிடைத்தது. ‘விமானப்படை கௌரவமாகப் போரிட்டது; குற்றம் செய்தவர்கள் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் ஆட்கள்தான்’ என்று சேகரிப்பாளர் வட்டத்தில் அடிக்கடி சொல்வார்கள். இந்தப் பட்டியலுக்கு முன் அந்தப் பேச்சு நிற்காது.

சட்டமும் சந்தையும்

ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் பயன்படுத்துவதைத் தண்டிக்கிறது. மூன்றாண்டு வரை சிறைகூட உண்டு. கல்வி, ஆய்வு, கலை, வரலாற்று விளக்கத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆனாலும் ஏலப் பட்டியல்களில் ஸ்வஸ்திகாவை மறைத்து அச்சிடுகிறார்கள். நாஜிப் பொருள் ஏலத்தைப் பிரான்ஸில் இருப்போர் பார்க்க முடியாதபடி தடுக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு பாரிஸ் நீதிமன்றம் இணைய நிறுவனமான யாஹூவுக்கு உத்தரவிட்டது.

2019 நவம்பரில் ம்யூனிக் அருகே நடந்த ஏலம் ஒன்றில் ஹிட்லரின் தொப்பி உள்ளிட்ட பொருள்கள் விலைக்கு வந்தன. ஐரோப்பிய யூத அமைப்புகள் கண்டித்தன. லெபனானைப் பூர்வீகமாகக் கொண்ட தொழிலதிபர் அப்துல்லா ஷாட்டிலா ஏறத்தாழ 6 லட்சம் யூரோ கொடுத்து அவற்றில் பலவற்றை வாங்கி, இஸ்ரேலுக்கு நன்கொடையாக அளித்தார். நாஜி ஆதரவாளர்கள் கைக்குப் போகக் கூடாது என்பதே காரணம் என்றார். பொருளை அழிக்காமலும் வழிபடாமலும் சரியான இடத்தில் சேர்க்க முடியும் என்று அவர் காட்டினார்.

காப்பது எப்படி?

கையில் இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. துவைக்கவோ உலர்சலவைக்குப் போடவோ கூடாது. வியர்வைக் கறையும் தூசியும்கூடச் சாட்சிகள். கம்பி ஹேங்கர் தோளைக் கிழிக்கும். பஞ்சு சுற்றிய அகலமான ஹேங்கர் வேண்டும். வெயிலும் விளக்கொளியும் சாயத்தை வெளுக்கும். பூச்சி விழுந்தால் அந்துருண்டை போட வேண்டாம். பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, சுமார் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் உறைய வைக்கலாம். யாரிடமிருந்து வந்தது, அவர் சொன்ன கதை என்ன என்று எழுதி கோட்டோடு வைக்க வேண்டும். போர்வீரர்கள் நினைவுப் பொருளாக எடுத்துவந்தவை இன்று பேரப்பிள்ளைகளின் பெட்டிகளில் கிடக்கின்றன. கதை தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள்.

சேகரிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: சீட்டைப் பிய்க்காதீர்கள், பட்டையை மாற்றாதீர்கள், வேண்டாத வரலாற்றை வெட்டாதீர்கள். உங்களுக்குப் பின் இந்தக் கோட்டு யாரிடம் போக வேண்டும் என்று இன்றே எழுதி வையுங்கள். பெர்லின்-காட்டோவில் முன்னாள் விமானத்தளத்திலேயே ஜெர்மன் ராணுவத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். அணிந்தவனின் பெயரோடும் அவன் படை செய்ததன் விவரத்தோடும் ஒரு கோட்டை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பவரே உண்மையான சேகரிப்பாளர்.