தண்ணீர் இல்லாத ஆற்றில் ஒரு சுற்றுலா



இந்த மாதம் ‘உலகம் சுற்றலாம் வாங்க’ பகுதிக்கு எழுத வேண்டியது என் முறை. முதல்லயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்பெயினுக்குப் போனதில்லை. பாஸ்போர்ட்கூட கிடையாது. ஆனால் நூலகத்தில் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு வலென்சியா என்ற ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஸ்பெயின் என்றாலே எல்லாரும் மாட்ரிட், பார்சிலோனா என்பார்கள். (கால்பந்து பைத்தியங்களைக் கேட்கவே வேண்டாம்!) வலென்சியா அந்த நாட்டின் மூன்றாவது பெரிய நகரம். கிழக்கே மத்தியதரைக் கடலோரம் இருக்கிறது.

ஏன் இந்த ஊர் என்று கேட்பீர்கள். ஒரு படம்தான் காரணம். பழைய கல்பாலம் ஒன்று. பாலத்துக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மரங்கள் நிற்கின்றன, பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். அட, ஆறு எங்கே போச்சு? அதைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

ஆறு எங்கே போனது?

துரியா என்ற ஆறு வலென்சியாவின் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி அது கரையை உடைத்து ஊருக்குள் புகுந்தது. ஒரே நாளில் இரண்டு முறை வெள்ளம் வந்தது. 80 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இனி ஆறே ஊருக்குள் வேண்டாம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. நகரத்துக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய வழி வெட்டி ஆற்றைத் திருப்பி விட்டார்கள். விநாடிக்கு 5,000 கன மீட்டர் தண்ணீர் போகும் அளவுக்கு அகலமான வழி அது.

பழைய ஆற்றுப்படுகை காலியாகிவிட்டது. அதில் பெரிய நெடுஞ்சாலை போட வேண்டும் என்பது திட்டம். ஊர் மக்கள் விடவில்லை. படுகை எங்களுடையது, எங்களுக்கு ரோடு வேண்டாம், பசுமை வேண்டும் என்று போராடினார்கள். 1976-இல் மன்னர் ஹுவான் கார்லோஸ் அந்தப் படுகையை நகரத்துக்கே கொடுத்துவிட்டார். 1980-களில் அங்கே தோட்டம் போட ஆரம்பித்தார்கள். இன்று சுமார் 9 கிலோமீட்டர் நீளத்துக்கு ஊர் நடுவே பூங்கா ஓடுகிறது, ஆறு ஓடின மாதிரியே!

சரி, வாங்க நடக்கலாம்!

1. செர்ரானோஸ் கோபுரங்கள்: பழைய படுகையின் ஓரத்தில் நிற்கும் கோட்டை வாசல் இது. 1392-இல் தொடங்கி 1398-இல் கட்டி முடித்தார்கள். மேலே ஏறினால் பூங்காவும் பழைய நகரமும் தெரியும். பிற்காலத்தில் இதைச் சிறையாகவும் பயன்படுத்தினார்கள். 1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வந்தபோது, மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்திலிருந்து விலைமதிப்பில்லாத ஓவியங்களைக் கொண்டுவந்து இதற்குள் பாதுகாத்தார்கள். குண்டு விழுந்தாலும் அதிர்ச்சி தாங்குவதற்கு கான்கிரீட்டுக்கு மேலே எதைப் பரப்பினார்கள் தெரியுமா? நெல் உமியை! இதைப் படித்ததும் எனக்கு அந்த ஊர்மேல் தனிப் பாசமே வந்துவிட்டது.

2. வியாழக்கிழமை நீதிமன்றம்: கோபுரத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பெரிய தேவாலயம். இதன் ஒட்டுக் கோபுரத்தில் 207 படி ஏற வேண்டும். மூச்சு வாங்கும். ஆனால் நான் வியாழக்கிழமையாகப் பார்த்துத்தான் போவேன். அன்று பகல் 12 மணிக்கு தேவாலய வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடும். எட்டு வாய்க்கால்களின் விவசாயிகள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர்தான் நீதிபதிகள். கறுப்பு அங்கி போட்டு வட்டமாக உட்கார்ந்து, யார் வாய்க்காலை அடைத்தார்கள், யார் முறை தவறித் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று விசாரிப்பார்கள். வக்கீல் கிடையாது. எல்லாமே வாய்ப்பேச்சுதான். அங்கேயே தீர்ப்பு, மேல் முறையீடு இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் எந்த வாய்க்காலைச் சேர்ந்தவரோ, அந்த வாய்க்கால் நீதிபதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். எவ்வளவு நியாயம் பாருங்கள்! அரபு முஸ்லிம்கள் ஆண்ட காலத்திலிருந்து வரும் வழக்கம் இது என்பார்கள். 2009-இல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

3. பட்டு மண்டபம்: 1482-இல் கட்டத் தொடங்கிய வியாபாரிகள் மண்டபம். முறுக்கிவிட்ட கயிறு மாதிரித் தூண்கள். ஏமாற்றாமலும் அநியாய வட்டி வாங்காமலும் இருக்கும் வியாபாரிதான் நன்றாக வாழ்வான் என்ற கருத்து லத்தீன் மொழியில் சுவரைச் சுற்றி எழுதியிருக்கிறது. எதிரிலேயே 1928-இல் திறந்த பெரிய மார்க்கெட். அங்கே கோரைப்புல் இனத்துக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரை போட்டுச் செய்யும் ‘ஓர்ச்சாத்தா’வை ஜில்லென்று குடிக்கலாம்.

4. கல்லிவர் பூங்கா: மறுபடி ஆற்றுக்குள் இறங்குவோம். நம் எல்லாருக்கும் தெரிந்த கல்லிவர், 70 மீட்டர் நீளத்துக்குக் கட்டிப்போட்ட நிலையில் படுத்திருக்கிறார். அவர் கை, கால், தலைமுடி எல்லாமே சறுக்குமரம்தான்! நாம்தான் குள்ளர்கள். அனுமதி இலவசம்.

5. கலை அறிவியல் நகரம்: கடலை நெருங்கும்போது வெள்ளை வெளேரென்று, கண் மாதிரி ஒன்று, எலும்புக்கூடு மாதிரி ஒன்று எனக் கட்டடங்கள் வரும். வலென்சியாக்காரரான சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்தவை. கண் வடிவக் கட்டடம் 1998-இலும் அறிவியல் அருங்காட்சியகம் 2000-இலும் திறந்தன. பக்கத்தில் 2003-இல் திறந்த மீன் காட்சியகம் ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

6. சாப்பாடு: நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா என்ற ஏரி. அதைச் சுற்றி வயல்கள். படகில் போகலாம். அங்கே விளையும் அரிசியில்தான் ‘பாயேயா’ செய்கிறார்கள். கோழி, முயல் கறி, பீன்ஸ், குங்குமப்பூ போட்டு அகலமான தட்டைச் சட்டியில் வேகவைப்பது. அடியில் பிடித்த காந்தல்தான் அவர்களுக்கு ரொம்ப ருசியாம். அதற்குத் தனிப் பெயரே உண்டு. எங்க வீட்டில் காந்தலுக்கு நானும் தம்பியும் போடும் சண்டை ஞாபகம் வந்தது.

மார்ச் மாதம் போனால் ‘ஃபாயாஸ்’ திருவிழா. தெருத்தெருவாகப் பிரமாண்டமான பொம்மைகள் செய்து, 19-ஆம் தேதி ராத்திரி எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார்கள். மக்கள் ஓட்டுப் போட்டுக் காப்பாற்றும் பொம்மை மட்டும் தப்பித்து மியூசியத்துக்குப் போகும்.

இதோடு கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் முடிக்க முடியவில்லை.

புதிய ஆற்றுக்கு அந்தப் பக்கம்

2024 அக்டோபர் 29. வலென்சியா மாகாணத்தில் பேய்மழை. நகரத்தின் மையத்தில் பெரிய பாதிப்பு இல்லை. தெற்கே திருப்பிவிட்ட ஆறு நகரத்தைக் காப்பாற்றியது. ஆனால் அந்தப் புதிய வழிக்குத் தெற்கே இருக்கும் பைபோர்தா, கத்தரோஹா போன்ற ஊர்களில், போயோ என்ற வேறொரு ஓடை பெருகி வந்து வீடுகளை மூழ்கடித்தது. கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை வந்தபோது இரவு 8 மணி தாண்டிவிட்டது. அதற்குள் பல இடங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. மாகாணத்தில் 220 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அந்த ஆற்றின் குறுக்கே ஒரு நடைபாலம் உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் துடைப்பம், மண்வெட்டி, குடிதண்ணீர் தூக்கிக்கொண்டு அதன் வழியாகத் தெற்கே நடந்தார்கள். நிறையப் பேர் நம்மைவிடக் கொஞ்சமே பெரிய மாணவர்கள். அந்தப் பாலத்துக்கு இப்போது ‘ஒற்றுமைப் பாலம்’ என்று பெயர்.

ஊருக்குள் இருக்கிறவர்களைக் காப்பாற்றக் கணக்குப் போட்டவர்கள், அந்தப் பக்கம் இருக்கிறவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அதனால் என் சுற்றுலாத் திட்டத்தில் ஏழாவதாக அந்தப் பாலத்தையும் எழுதிக்கொண்டேன். அங்கே வேடிக்கை பார்க்க எதுவும் இருக்காது. இருந்தாலும், ஒருநாள் நான் வலென்சியா போனால், பூங்காவில் நடந்த அதே காலோடு அந்தப் பாலத்தையும் கடந்து, அந்தப் பக்கம் போய்விட்டுத்தான் வருவேன்.

நீங்களும் வருகிறீர்களா?



— ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி