பாம்பு காலிசெய்த தீவில் காண்டாமிருக வண்டு

பசிபிக் பெருங்கடலின் மேற்குப் பகுதியில், அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள சிறு தீவு குவாம். பரப்பளவு சுமார் 540 சதுர கிலோமீட்டர். மண்ணுக்குள் நெளியும் புழு போன்ற குருட்டுப் பாம்பைத் தவிர அங்கே பாம்பே இருந்ததில்லை. ஆகவே அங்கத்திய பறவைகளுக்குப் பாம்பைக் கண்டு அஞ்சவும் தெரியாது, தப்பவும் தெரியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, நியூகினியாவுக்கு வடக்கே உள்ள அட்மிரால்டி தீவுகளிலிருந்து ராணுவத் தளவாடங்கள் குவாமுக்குக் கப்பலேறின. அந்தச் சரக்குக்குள் பதுங்கித்தான் பழுப்பு மரப்பாம்பு வந்திறங்கியது என்று கருதப்படுகிறது.

இது இரவில் இரை தேடும், மரமேறும், முட்டை, குஞ்சு, அடைகாக்கும் தாய் எதையும் விடாது. 1960-களிலிருந்து தீவின் தெற்கில் தொடங்கி வடக்கு நோக்கிப் பறவைகள் காணாமல் போயின. நோயா, பூச்சிக்கொல்லியா என்றுதான் முதலில் தேடினார்கள். பாம்பு பரவிய காலத்தையும் பறவைகள் மறைந்த காலத்தையும் இடம் இடமாகப் பொருத்திப் பார்த்து, குற்றவாளி பாம்புதான் என்று 1987-இல் நிறுவியவர் ஆய்வாளர் ஜூலி சாவிட்ஜ். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. தீவில் இயல்பாக வாழ்ந்த 12 காட்டுப் பறவையினங்களில் 10 இனங்கள் குவாம் காடுகளிலிருந்து அற்றுப்போயின.

இரை தீர்ந்தால் வேட்டையாடும் பிராணியும் குறைய வேண்டும். குவாமில் அப்படி நடக்கவில்லை. பறவைகள் போனாலும் அரணைகளும் பல்லிகளும் ஏராளமாக இருந்தன. குட்டிப் பாம்புகள் அவற்றைத் தின்றே வளர்ந்தன. வளர்ந்த பாம்புகள் கோழிக்கூண்டுக்குள் புகுந்தன. மின்கம்பிகளில் ஏறித் தீவையே இருட்டாக்கின. காட்டுக்குள் நேர்ந்ததோ மெதுவான சேதம். அங்குள்ள மரங்களில் பெரும்பாலானவை பழத்தைப் பறவைக்குக் கொடுத்து விதையைப் பரப்புபவை. பறவை இல்லாததால் பழம் தாய்மரத்தின் காலடியிலேயே விழுந்து அழுகுகிறது. பூச்சி தின்னும் பறவைகளும் இல்லாததால் சிலந்திகளுக்குக் கொண்டாட்டம். மழைக்காலத்தில் அண்டைத் தீவுகளைவிட 40 மடங்கு வரை சிலந்திகள் இருப்பதாக 2012-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

பாம்புக்கு எதிராகக் கிடைத்த விந்தையான ஆயுதம், காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால். 80 மில்லிகிராம், அதாவது ஒரு சாதாரண 500 மாத்திரையில் ஆறில் ஒரு பங்கு, ஒரு பாம்பைக் கொல்லப் போதும். செத்த எலிக்குஞ்சின் வாய்க்குள் அதைத் திணித்து, மரக்கிளையில் சிக்கித் தொங்கும்படி நாடாவோடு சேர்த்து ஹெலிகாப்டரிலிருந்து போட்டார்கள். குறிப்பிட்ட சில காட்டுத்துண்டுகளில் பாம்பின் எண்ணிக்கையைக் குறைக்க இது உதவுகிறது. தீவு முழுவதையும் துடைத்தெடுக்க இன்னும் வழி பிறக்கவில்லை.

2007 செப்டம்பரில், ஹோட்டல்கள் நிறைந்த துமோன் விரிகுடாப் பகுதியில் அடுத்த விருந்தாளி அகப்பட்டது. தமிழகத் தென்னை விவசாயிக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை: காண்டாமிருக வண்டு. வளர்ந்த வண்டு குருத்தைத் துளைத்து உள்ளே புகுந்து சாற்றைக் குடிக்கும். மடங்கியிருக்கும் மட்டையை அது குடைந்துவிடுவதால், பின்பு விரியும்போது கத்தரியால் நறுக்கிய விசிறி போல் மட்டை தெரியும். குருத்தின் நடுவே துளை விழுந்தால் மரமே பட்டுப்போகும். புழுவுக்குப் பச்சை மரம் தேவையில்லை. எருக்குழியிலும் மக்கிய தென்னங்கட்டையிலும் அது வளரும்.

தெற்கு, தென்கிழக்கு ஆசியாதான் இந்த வண்டின் தாயகம். பசிபிக் தீவுகளுக்கு முதலில் போனது 1909-இல், இலங்கையிலிருந்து சமோவாவுக்கு அனுப்பிய ரப்பர் கன்றுகளோடு. பின்னர் 1942 வாக்கில் பலாவ், 1953-இல் பிஜி என்று அது தீவு தீவாகத் தாவியது. கொப்பரையை நம்பிப் பிழைத்த தீவுகளுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. 1960-களில் மலேசியாவில் ஆய்வு செய்த ஜெர்மானியர் அலோயிஸ் ஹூகர், வண்டைத் தாக்கும் ஒரு வைரஸைக் கண்டறிந்தார். 1967-இல் அது சமோவாவில் விடப்பட்டது. நோயுற்ற வண்டு சட்டென்று சாவதில்லை. இரையைக் குறைத்துக்கொண்டு, கழிவோடு வைரஸைக் கக்கியபடியே மரத்துக்கு மரம் பறந்து இனத்துக்கே நோயைப் பரப்புகிறது. செலவு குறைந்த இந்த வைத்தியம் பல தீவுகளில் சேதத்தை வெகுவாகக் குறைத்து, 40 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

குவாமுக்கு வந்ததோ அந்த வைரஸுக்கு மசியாத வகை. இனக்கவர்ச்சிப் பொறி, மோப்ப நாய், மக்கிய கட்டைகளை அகற்றுதல் என எல்லாம் செய்தும் வண்டு தீவெங்கும் பரவியது. 2015 மே மாதம் டால்பின் சூறாவளி சாய்த்த மரங்கள் மக்கத் தொடங்கியபோது புழுக்களுக்குத் தொட்டில் கட்டியதுபோல் ஆயிற்று.

இந்த இடத்தில்தான் பாம்பின் கதை திரும்ப வந்து சேர்கிறது. மற்ற நாடுகளில் தரையில் வளரும் இந்தப் புழுக்கள், குவாமில் உயிருள்ள தென்னையின் கொண்டையிலேயே, மட்டை இடுக்கில் சேரும் குப்பையில் வளர்வதைப் பூச்சியியலாளர்கள் கண்டார்கள். வேறு தீவுகளில் மரமேறி அந்தக் கொண்டையைத் துழாவும் எலிகளைக் குவாமில் மரப்பாம்பு ஏறக்குறைய தின்று தீர்த்துவிட்டது. எலி இல்லாத கொண்டையில் புழு பாதுகாப்பாக வளர்கிறது என்பது அவர்கள் கருத்து. இது சரியென்றால், தரையிலுள்ள குப்பையை மட்டும் அள்ளி இந்த வண்டை ஒழிப்பது நடக்காத காரியம்.

வைரஸுக்கு அடங்காத இந்த வகை 2013 டிசம்பரில் ஹவாயில் ராணுவ விமானத்தளம் ஒன்றை ஒட்டிய பகுதியில் பிடிபட்டது. 2015-இல் சாலமன் தீவுகளின் ஹோனியாராவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. இதற்கு ஏற்ற வைரஸ் வகையைத் தேடும் ஆய்வுகள் நடக்கின்றன. இதற்கிடையே குவாமில் பலன் தந்த கருவி, மீனவர்களின் மெல்லிய நரம்புவலை. எருக்குவியல் மேல் அதைப் போர்த்திவிட்டால், முட்டையிட வரும் வண்டும், பொரித்து வளர்ந்து வெளியேற முயலும் வண்டும் கால்முட்களோடு வலைக்கண்ணில் சிக்கிக்கொள்கின்றன.