கணிப்பொறியின் உள்ளே – 14: இருவருக்கு ஒரு நினைவகம்

காரமடையில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் பலர், மடிக்கணினி வாங்கிய சில நாட்களுக்குள் ஒரே கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். "நாலு ஜிபின்னு சொல்லித்தானுங்க குடுத்தாங்க; தொறந்து பாத்தா மூணரைதான் காட்டுதுங்க. மிச்சம் எங்கீங்க போச்சு?" நூற்பாலையிலும் விசைத்தறியிலும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கிய பொருளில் ஒரு பங்கு காணவில்லையென்றால் மனம் துணுக்குறுவது நியாயந்தான். ஆனால் கடைக்காரர் வஞ்சித்துவிட்டார் என்ற சந்தேகம் வேண்டாம். காணாமற்போன அந்த அரை ஜிபி கணிப்பொறிக்குள்ளேதான் இருக்கிறது. திரையில் சித்திரம் எழுதும் பகுதி அதைத் தன் உபயோகத்துக்கென்று எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது.

தனிக் கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கணிப்பொறியில், சித்திர வேலைக்குப் பிரத்தியேகமான நினைவகம் அந்தக் கார்டின்மீதே பதிந்திருக்கும். நம் பிள்ளைகளின் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றிலோ, கணக்கிடும் பிராசஸரும் சித்திரம் வரையும் கிராபிக்ஸும் ஒரே சிலிக்கான் துண்டில் அமைந்து, வெளியே உள்ள ரேம் என்னும் ஒரே நினைவகத்தை இரண்டுமாகப் பகிர்ந்துகொள்கின்றன. மின்சாரம் பாய்ந்ததும், விண்டோஸ் இயங்கத் தொடங்குவதற்கு முன்பே, பயாஸ் என்னும் ஆரம்ப நிரல் ரேமில் ஒரு பகுதியைக் கிராபிக்ஸுக்கென்று ஒதுக்கிவிடுகிறது. அது சில கணிப்பொறிகளில் 64 எம்பி, சிலவற்றில் 512 எம்பி. பிற்பாடு தேவை கூடினால், மொத்த ரேமில் ஏறக்குறையப் பாதி வரைக்கும் கிராபிக்ஸ் கேட்டு வாங்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் பகிரப்பட்ட நினைவகம் என்று காணப்படும் பெரிய எண் இந்த உச்சவரம்பே தவிர, பறிபோன அளவு அல்ல.

இவ்வளவோடு விஷயம் முடிந்துவிடுமானால் அரை ஜிபிக்காக ஓர் அத்தியாயம் எழுதவேண்டிய அவசியமில்லை. உண்மையான நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பங்காளிகள் ஒரே கிணற்றை முறை வைத்து இறைத்துக்கொள்ளும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அதை விளக்குவது சுலபம். கிணற்றில் தண்ணீர் நிறைந்திருக்கும்போதும் பங்காளிகளுக்குள் மனஸ்தாபம் வருவதுண்டு. ஏனென்றால் மேலே ஏற்றும் குழாய் ஒன்றே, ஒருவருடைய முறை நடக்கும்போது மற்றவர் வாய்க்காலில் தண்ணீர் வராது. ரேமின் ஜிபி கிணற்றின் கொள்ளளவு. அதிலிருந்து ஒரு வினாடியில் எவ்வளவு தகவலை வெளியே எடுக்கலாம் என்பது குழாயின் பருமன். வாங்குகிறவர்கள் எல்லோரும் கொள்ளளவையே விசாரிக்கிறார்கள். குழாயைப் பற்றிக் கேட்பவரை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 1366க்கு 768 என்ற அளவுள்ள சாதாரணத் திரையில் 10 லட்சத்து 49 ஆயிரம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வீதம் ஒரு முழுச் சித்திரத்துக்கு ஏறத்தாழ 4 எம்பி. திரையை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்க, எதுவும் அசையாதபோதுகூடக் கால் ஜிபி தகவல் ரேமின் குழாயாகிய பாதையில் ஓடவேண்டும். டிடிஆர்4-2400 வகை ரேம் ஸ்டிக் ஒன்று வினாடிக்கு 19.2 ஜிபி கொடுக்க வல்லதாகையால், கட்டுரை எழுதுவதற்கும் பாடக் காணொளி பார்ப்பதற்கும் இந்தப் பகிர்வு ஒரு பாரமே அல்ல. ஆனால் பொறியியல் மாணவன் ஒருவன் பம்பின் உதிரிப் பாகத்தை முப்பரிமாணத்தில் வரைந்து திரையில் சுழற்றும்போது, ஒவ்வொரு சித்திரத்துக்கும் அதே நினைவகத்தைப் பலமுறை படித்தும் எழுதியும் ஆகவேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் பிராசஸரும் தன் கணக்கோடு அதே பாதையில் காத்து நிற்கிறது. ஜிடிஎக்ஸ் 1650 போன்ற எளிய தனிக் கார்டுகூடத் தனக்கென்று வினாடிக்கு 128 ஜிபி பாயும் பாதையை வைத்திருக்கிறது என்பதை நினைத்தால், சுழலும் உருவம் ஏன் தயங்கித் தயங்கி நகர்கிறது என்பது விளங்கும்.

இந்த ஏற்பாடு ஏழைகளுக்கென்று நேற்று கண்டுபிடித்த சிக்கனம் என்று எண்ணிவிடக் கூடாது. 1984-ஆம் ஆண்டு மத்திய அரசு பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைத் தொடங்கியபோது தருவித்த பிபிசி மைக்ரோ என்ற கணிப்பொறியில் இருந்த நினைவகம் மொத்தம் 32 கேபி. உயர்ந்த சித்திர முறையைத் தேர்ந்தெடுத்தால் அதில் 20 கேபியைத் திரையே எடுத்துக்கொள்ளும். ஆனால் அதன் வடிவமைப்பாளர்கள் செய்த காரியம் மெச்சத்தக்கது. பிராசஸருக்கு வினாடிக்கு 20 லட்சம் முறை, திரைக்கு 20 லட்சம் முறை, இரண்டும் மாறி மாறி நினைவகத்தை அணுகும்படி, நினைவகத்தையே வினாடிக்கு 40 லட்சம் முறை இயங்கும் வேகத்தில் அமைத்துவிட்டார்கள். ஆகவே ஒருவருக்காக மற்றவர் காத்திருக்க நேரவில்லை. பகிர்வினால் வரும் சங்கடத்துக்குப் பரிகாரம் பாதையின் வேகத்தில் இருக்கிறது என்பதை அவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

பின்னர் இன்டெல் ஸ்தாபனம் 1999-இல் 810 என்ற துணைச் சிப்பில் கிராபிக்ஸைச் சேர்த்தது. 2011-இன் தொடக்கத்தில் அது பிராசஸரின் சிலிக்கானுக்குள்ளேயே புகுந்துவிட்டது. அதே 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2 ஜிபி ரேமும் 320 ஜிபி வட்டும் கொண்டு, அரசின் எல்காட் நிறுவனம் மூலம் வாங்கப்பட்ட அந்தக் கணிப்பொறிகள், நினைவகத்தைப் பகிரும் இந்த முறையினாலேயே லட்சக்கணக்கில் கொடுக்கத்தக்க விலைக்கு வந்தன என்று நான் உறுதியாக நம்புகிறேன். தனிச் சிப்பும் தனி நினைவகமும் அவற்றைக் குளிர்விக்கும் சாதனமும் வேண்டுமென்றிருந்தால், நூற்பாலைத் தொழிலாளியின் மகள் கையில் அப்படியொரு பொருள் அத்தனை சீக்கிரம் வந்து சேர்ந்திருக்காது.

பிபிசி மைக்ரோவை உருவாக்கிய ஸோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பருமே அடுத்து 1985-இல் ஆர்ம் என்ற பிராசஸரை வடிவமைத்தார்கள். அந்த வம்சத்தில் வந்த ஆப்பிள் எம்1 சிப், 2020-இல் மீண்டும் ஒரே நினைவகத்தையே பிராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் பொதுவாக்கி, வினாடிக்கு 68 ஜிபி பாயும் அகன்ற பாதையை அதற்குக் கொடுத்தது. தனிக் கார்டுக்குச் சித்திரத் தகவலைப் பிரதி எடுத்து அனுப்பும் தாமதமும் அங்கே இல்லை. விலை மலிவுக்காக ஏற்றுக்கொண்டது என்று பலர் கருதிய முறை, உயர்ந்த விலைக் கணிப்பொறியின் விசேஷ குணமாக விளம்பரம் பெற்றது.

நம்மிடம் இருக்கும் சாதாரண மடிக்கணினியிலும் பாதையை அகலப்படுத்த வழி உண்டு. 8 ஜிபிக்கு ஒரே ஸ்டிக் போடுவதைவிட, 4 ஜிபி ஸ்டிக் இரண்டு போட்டால் பிராசஸர் இரண்டையும் ஒரே சமயத்தில் அணுகும், வினாடிக்கு 19.2 ஜிபி என்பது 38.4 ஆகிறது. இன்டெலின் 11-ஆம் தலைமுறையில் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் உள்ள கணிப்பொறியில் ஒரே ஸ்டிக் இருந்தால், அது தன் பெயரையே இழந்து யூஹெச்டி என்று காட்டிக்கொள்ளும். ஆனால் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அவற்றில் பின்னால் சேர்ப்பதற்கு இடமிராது. கோயமுத்தூருக்குப் போய் வாங்குகிறவர்கள், எத்தனை ஜிபி என்று கேட்டதோடு நின்றுவிடாமல், ரேம் ஒரே ஸ்டிக்கா இரண்டா, ஒன்றானால் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா, அதில் எந்த வகை ரேம் பொருந்தும் என்பதையும் பணம் கட்டுமுன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.