காபி கொடுப்பவர் யாருடைய ஆள்?

திருவனந்தபுரம்: காலை ஆறரை மணிக்குக் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் நின்றால் காதில் விழுவதில் பாதி தமிழ்தான். சாலைக் கடைத்தெருவுக்கு மூட்டை தூக்கப் போகிறவர்கள், தோவாளைப் பூவோடு வந்தவர்கள், கட்டட வேலைக்காரர்கள். அந்தக் கூட்டத்திலேயே தேய்த்த வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் அணிந்து, கழக்கூட்டம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் சிலரும் உண்டு. பார்வைக்கு ஆபீசர் மாதிரி இருப்பார்கள். விசாரித்தால், "கம்பெனியில் காபி கொடுக்கிற வேலை" என்பார்கள்.

நாகர்கோவில் பக்கத்துக்காரர் ஒருவர் பன்னிரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறார். கணக்குத் தணிக்கையும் ஆலோசனையும் செய்யும் பெரிய கம்பெனி அது. 1990-ல் டெக்னோபார்க் ஏற்பட்ட பிறகு கழக்கூட்டம் பக்கம் இம்மாதிரி ஆபீசுகள் பெருகின. அங்கே விற்பனைக்குச் சரக்கு கிடையாது; வருகிற கட்சிக்காரரின் நம்பிக்கைதான் மூலதனம். ஆகவே வந்தவரை உட்காரவைத்து உபசரிப்பதும் தொழிலில் ஒரு பாகம்.

"காபி கொடுப்பது கடைசி வேலை சார். அதற்கு முன்னால் எத்தனையோ இருக்கிறது" என்கிறார் அவர். ஒன்பது மணிக் கூட்டம் என்றால் எட்டே காலுக்குள் அறை தயாராக வேண்டும். எத்தனை பேர், யார் சைவம், யார் முட்டை சாப்பிடுவார், நோன்பு காலமா, விரத நாளா என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்வார். மலையாளிக் கட்சிக்காரர் 'வித்தவுட்' என்றால் சர்க்கரை இல்லாத சாயா. வடநாட்டுக்காரர் கேட்பது இஞ்சி போட்ட டீ. பதிமுகம் போட்டுக் காய்ச்சிய சிவப்பு வெந்நீரைப் பார்த்து முகம் சுளிக்கும் புது ஆட்களுக்கு, "இது சாயம் இல்லை, இந்த ஊர்க் குடிதண்ணீர்" என்று சொல்லிப் புரியவைப்பதும் இவர் பொறுப்பு. ஓணத்துக்கு ஆபீசிலேயே இலை போட்டு சத்யை நடக்கும். பருப்பு முதல் பிரதமன் வரை வரிசை தவறாமல் பரிமாற வேண்டும்.

இன்னொரு கலையும் உண்டு. கதவைத் திறந்து உள்ளே போகும்போது பேச்சு சட்டென்று நின்றால், கோப்பையை வைத்துவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும். எத்தனையோ கம்பெனிகளின் லாப நஷ்டம் இவர்கள் காதில் விழுகிறது. அது வெளியே போனதில்லை. இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு முதலாளி

ஆபீசில் எல்லோரும் அவரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். புது மேனேஜருக்கு எந்த அறை எங்கே என்று காட்டுகிறவரும் அவர்தான். ஆனால் அந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் காண்டிராக்டரின் ஆள். பன்னிரண்டு வருஷத்தில் நான்கு காண்டிராக்டர்கள் மாறிவிட்டார்கள். நான்கு அடையாள அட்டைகளையும் ஒரு ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் "புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்" என்றுதான் எழுதினார்கள். கிராஜுவிட்டிக்குப் பொதுவாக ஐந்து வருஷத் தொடர் சேவை வேண்டும். எந்தக் காண்டிராக்டரிடமும் அவருக்கு ஐந்து வருஷம் நிறையவில்லை.

இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட் வரை பலமுறை போயிருக்கிறது. ரயில்வே கேன்டீன் சிப்பந்திகள் தொடுத்த வழக்கில் 1990-ல் தீர்ப்பு வந்தது. சட்டப்படி நடத்தியே தீரவேண்டிய கேன்டீன்களிலும், ரயில்வே போர்டு அங்கீகரித்த கேன்டீன்களிலும் வேலை செய்பவர்கள் ரயில்வே ஊழியர்களே என்றது கோர்ட். அங்கீகாரம் இல்லாத கேன்டீன்காரர்களுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 1995-ல் எல்.ஐ.சி. கேன்டீன் சிப்பந்திகளுக்கும் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. மறு வருஷமே ரிசர்வ் வங்கி வழக்கில் அதற்கு நேர்மாறு. 2014-ல் ஏர் இந்தியா கேன்டீன்காரர்களும் தோற்றார்கள். ஒரே வேலை, ஒரே டம்ளர். கேன்டீனை யார் நடத்துகிறார்கள், யாருக்குக் கட்டுப்பட்டது என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது.

2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றி 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் முக்கிய வேலைக்குக் காண்டிராக்ட் ஆட்களை வைப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் கேன்டீனும் உணவு பரிமாறலும் முக்கிய வேலையில் சேராது என்று அதே சட்டம் சொல்லிவிட்டது. கட்சிக்காரர் முன்னால் கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றுகிறவருக்கு இது கசப்பான காபிதான்.

முதலாளியான சிப்பந்திகள்

கிழக்கேகோட்டையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தம்பானூரில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லாரி பேக்கர் வடிவமைத்த சுருள் கட்டடத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. விசிறித் தலைப்பாகையோடு அங்கே பரிமாறுகிறவர்களின் கதை வேறு. ஐம்பதுகளில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடி, சிப்பந்திகளை வீட்டுக்கு அனுப்பியது. கூட்டுறவுச் சங்கம் வைத்துக் கடையை நீங்களே நடத்துங்கள் என்று அவர்களைத் தூண்டியவர் ஏ.கே. கோபாலன். 1957-ல் பெங்களூரில் முதல் சங்கம் பதிவாயிற்று. 1958-ல் திருச்சூரில் கேரளத்தின் முதல் காபி ஹவுஸ் திறந்தது. காபி கொடுத்தவர்களே கடைக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். கழக்கூட்டத்துக் கண்ணாடி மாளிகைகளில் இது நடக்குமா என்று கேட்டால் நம் அண்ணாச்சி சிரிக்கிறார்.

நடக்கக்கூடியவையும் உண்டு. காண்டிராக்டர் சம்பளம் தராவிட்டால் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்பது 1970-ம் வருஷச் சட்டத்தில் இருந்தது. புதிய தொகுப்பிலும் இருக்கிறது. வேலை நேரத்தில் உட்கார இடம் தரவேண்டும் என்று துணிக்கடைப் பெண்கள் போராடியதன் பேரில் கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது; 2021-ல் தமிழ்நாடும் அப்படியே செய்தது. ஆபீசுகளுக்கும் அது பொருந்தும். காண்டிராக்டர் மாறினாலும் பிராவிடன்ட் பண்டின் யு.ஏ.என். நம்பர் மாறக்கூடாது. புது நம்பர் போட்டுக் கொடுத்தால் வாங்காமல், பழைய நம்பரிலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். இந்த விஷயம் தெரியாமல் இரண்டாவது காண்டிராக்டர் காலத்துப் பணத்தை மீட்க நம் அண்ணாச்சி ஒன்றரை வருஷம் அலைந்தார். இப்போது சம்பளச் சீட்டுகளையும் அட்டைகளோடு சேர்த்துக் கட்டி வைக்கிறார்.