நண்பருக்கு ஒரு விளையாட்டுக் கணினி

காங்கேசன்துறையிலுள்ள நண்பர், சிறு தொகைக்குள் விளையாட்டுக் கணினி ஒன்றைப் பொருத்தித் தரும்படி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி எதை வாங்குவது?

பலரும் தேடுவது பாவித்த கிராபிக்ஸ் காட்டைத்தான். 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் 'மைனிங்' முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய காட்கள் பல மலிவாகச் சந்தைக்கு வந்தன. வெளியே பளபளப்பு, உள்ளே தேய்ந்த விசிறியும் காய்ந்த வெப்பப் பசையும் இருக்கலாம்.

மாற்றுவழி உண்டு. 2021இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி புறொசெசரிலேயே கிராபிக்ஸ் வசதி இருக்கிறது. இலகுவான விளையாட்டுகளுக்கு அது போதும். அது ரெம்மையே பங்குபோடுவதால், 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு பூட்டுவதே வேகம் தரும்.

பவர் சப்ளையில் கஞ்சத்தனம் வேண்டாம். தரமானதாக, சற்றுக் கூடிய வொட்டில் வாங்கினால், பணம் சேர்ந்ததும் புதிய காட் பூட்டலாம். மிச்சம் பிடிப்பதானால் விளக்கு மின்னும் பெட்டியில் பிடியுங்கள். உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். கடல் பார்த்த ஜன்னலடியில் கணினியை வைக்க வேண்டாமென்றும் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டியில் வாங்கினாலும் யாழ்ப்பாணத்தில் வாங்கினாலும் பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் நண்பரிடமே கொடுங்கள். உங்கள் கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பாவித்த பாகமென்றால் அப்படியே சொல்லுங்கள். குறையை மறைத்து விற்பதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். நம்பி வந்தவருக்குப் பொருளின் தரம் தெரியாதென்றால், சொல்லும் கடமை நமக்கே கூடுகிறது. ஒரு காட்டில் கிடைக்கும் இலாபத்தைவிட அந்த நம்பிக்கை பெறுமதியானது.