குளுக்கோமா முற்றிய கண்ணுக்கு லேசர்

"லேசர் அடித்தால் போன பார்வை திரும்புமா?" என்று எம்மிடம் கேட்போர் பலர். திரும்பாது. குளுக்கோமாவினால் பட்டுப்போன கண் நரம்பு மீண்டும் தளிர்ப்பதில்லை. மிஞ்சிய பார்வையைக் காப்பதற்கே சிகிச்சை.

கண்ணினுள் ஒருவகை நீர் ஓயாது சுரந்து வடிகிறது. வடிகால் அடைபட்ட வயலில் நீர் ஏறுவதுபோல, இங்கு அமுக்கம் ஏறி நரம்பைக் கெடுக்கிறது.

லேசர் ஒரே வகையன்று. ஒன்று வடிகாலைச் சீராக்கும். ஆரம்ப நோய்க்கு அது நல்லது, சில ஆண்டுகளில் பலன் குறையலாம். இன்னொன்று, வடிகால் வாய் ஒடுங்கியவர்களுக்குக் கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரையில் நுண்துளை இடும். மூன்றாவது, நீர் சுரக்கும் இழையத்தையே சுட்டுச் சுரப்பைக் குறைக்கும். மருந்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் அடங்காத முற்றிய கண்ணுக்குப் பெரும்பாலும் இதுவே. விறைப்பு ஊசி போட்டுச் சில நிமிடங்களில் செய்வார்கள். பின்னர் நோவும் அழற்சியும் வரலாம். சிலருக்கு இருக்கும் பார்வையும் குறையும். ஆகவே சம்மதிக்குமுன் வைத்தியரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

நல்ல பார்வை மிஞ்சியிருந்தால் சத்திரசிகிச்சையே பொருத்தமாகலாம். பிரித்தானியாவில் முற்றிய நோயுடன் வந்த 453 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், துளிமருந்தைவிடச் சத்திரசிகிச்சையே அமுக்கத்தைக் கூடுதலாகக் குறைத்தது.

லேசருக்குப் பின்னும் பலருக்குத் துளிமருந்து தேவை. நோவில்லை என்று நிறுத்திவிடுவோர் உண்டு. இந்நோய் பெரும்பாலும் நோவின்றியே பார்வையைத் தின்னும். இடம் மாறும்போது கிளினிக் கொப்பியையும் மருந்துப் போத்தலையும் அடையாள அட்டையோடு சேர்த்துக் கட்டுங்கள். உடன்பிறந்தோரையும் கண் சோதனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.